எவ்வினாவிற்கு எச்சான்று?

சிவஞான சித்தியார் பொருளாராய்ச்சியிற் புகுமுன் அளவையிலக்கணம் கூறுதலை அன்பர்கள் நன்கறிவர். காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் ஏனையளவைகளெல்லாம் அடங்குமென்று அருணந்தி சிவாசாரியார் நிறுவுகின்றார். இம்முறைவைப்பின் பயன் யாது? ஒவ்வோரளவைக்கும் உரிய விடயம் வேறு என்பதை மாணாக்கன் முதற்கண் உணர்தல் வேண்டும் என்பதே. கண்ணாற் காணற்குரியதை ஆகமத்தில் தேடுதலும், ஆகமத்தானன்றி யுணரலாகாததைக் கண்ணாற் காண விழைதலும் ஒருங்கே பேதைமையாம்.

தத்துவ வாராய்ச்சிக்கு ஓதிய இந்நெறி சரித்திர வாராய்ச்சிக்கும் ஒக்கும். நாயன்மார் வரலாற்றையும் திருமுறை வரலாற்றையும் குறித்து நம்மவருள் நிகழும் வழக்குகள் பல. அவற்றை நுணுகி நோக்கின், சான்றில்லாமையால் எழுந்தவை சில. ஒரு சான்றினிடத்து அதற்குரியதல்லாத வினாவைத் தொடுத்தமையால் எழுந்தவையே பல. புராணத்தினிடம் ஆண்டுக்கணக்கை வினவி, அது விடைகூறாமை கண்டு புராணமே பொய் என்பாரும் உளர். கல்வெட்டினிடம் அடியாரது அன்பின் பெருமையை வினவி, அது வாளாவிருத்தல் கண்டு கல்வெட்டாராய்ச்சியே சமயத்திற்குப் பகை என்பாரும் உளர். இருவரும் செய்த பிழை ஒன்றே. ஆகலின், இன்ன வினாவிற்கு இன்னது சான்றாம் என்பதனை, திருஞானசம்பந்தர் காலவாராய்ச்சியின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றாம்.

19-ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டு வரலாற்றை எழுதப் புகுந்த மேனாட்டறிஞர்க்குச் சம்பந்தர் காலம் ஒரு பெரும் புதிராயிருந்தது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட கால்டுவெல் பாதிரியார், பிள்ளையார் காலத்துப் பாண்டியனாகிய கூன்பாண்டியனுக்குச் சுந்தர பாண்டியன் என்னும் பெயரும் மதுரைப் புராணங்களில் வழங்குதலை நோக்கினார். வெனிசு நகரத்து வழிச்செலவினராகிய மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டிற்கு வந்தபோது சுந்தர பாண்டியன் என்பான் ஆண்டதாகக் குறித்திருத்தலையும் நோக்கினார். பெயர் ஒன்றாதல் பற்றி ஆளும் ஒருவரே என்று கொண்டார். அதனால் பிள்ளையாரும் 13-ஆம் நூற்றாண்டினர் என்னும் முடிபு பிறந்தது.

அவர் கற்றறிவில்லாதவரல்லர், தமிழின்பால் அன்பில்லாதவருமல்லர். அவர் வினாவிற்கு அவர் எடுத்த சான்று பொருந்தவில்லை, குறை அவ்வளவே. மார்க்கோ போலோ தாம் கண்ட நாளில் அந்நாட்டிலிருந்த அரசனையும் முத்துக்குளிப்பையும் குதிரை வாணிகத்தையும் கூறத் தக்கவரேயன்றி, அவ்வரசன் சமணத்தினின்று சைவம் புகுந்தவனா என்னும் வினாவிற்கு அவர் கரியாகார். சுந்தர பாண்டியன் என்னும் பெயரோ பாண்டியர் குடியிற் பலர் தாங்கியது. பெயரொற்றுமை ஐயத்தை எழுப்புதற்குப் போதும். துணிவைத் தருதற்குப் போதாது. ஐயக்காட்சியைத் துணிவுக்காட்சியாகக் கொள்ளின் திரிபே விளையும்.

இம்முடிபு நிலைத்திருப்பின் விளையும் கேடு சிறிதன்று. சம்பந்தர் 13-ஆம் நூற்றாண்டினராயின், அவரைப் பாடிய சுந்தரர் அவரினும் பிற்பட்டவராவர். சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகையை விரித்த நம்பியாண்டார் நம்பி பின்னும் பிற்பட்டவராவர். 12-ஆம் நூற்றாண்டில் அநபாயன் என்னும் இரண்டாங் குலோத்துங்கன் காலத்திற் பெரியபுராணம் பாடிய சேக்கிழாரோ, தமக்குப் பின் தோன்றிய ஒருவர் வரலாற்றைப் பாடினவராவர். திருமுறைகளின் தொன்மை முழுவதும் ஒரு பெயரொற்றுமையின் பொருட்டு அழிவதாயிற்று.

இதனைக் கண்டு உள்ளம் பொறாது எழுந்தவர் மனோன்மணீயம் இயற்றிய பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை அவர்கள். திருவனந்தபுரத்தில் தத்துவ நூலாசிரியராய் அமர்ந்திருந்த அப்பெரியார், 1897-இல் தம் வாழ்நாள் முடிதற்குச் சில ஆண்டுகளின் முன், சம்பந்தர் காலத்தைக் குறித்து ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி நூல் வெளியிட்டார். அவர் வைதலும் செய்திலர், வியத்தலும் செய்திலர். யார் யாரைத் தம் பாட்டிற் குறிக்கின்றார், யார் யாருக்கு முற்பட்டவர், எந்தக் கல்வெட்டில் எவர் பெயர் காணப்படுகின்றது என்று படிப்படியாக ஏறிச் சென்று, பிள்ளையார் 7-ஆம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டவரல்லர் என்று காட்டினார். ஏறத்தாழ அக்காலத்திலேயே கல்வெட்டறிஞர் வெங்கையா அவர்களும், சிறுத்தொண்ட நாயனார் வரலாற்றிற் காணும் வாதாபிப் போரைப் பல்லவர் சாசனங்களோடு இயைத்துக் காட்டினார். இவ்வியைபே இன்றளவும் நாயன்மார் காலவாராய்ச்சிக்கு அச்சாணியாய் நிற்கின்றது. அது மூன்று சான்றுகளால் ஆயது. ஒவ்வொன்றும் கூறியது யாது, கூறாதது யாது என்று பிரித்து நோக்குவாம்.

முதலாவது தேவாரம். திருச்செங்காட்டங்குடிக் கணபதீச்சரத்தின்மேற் பிள்ளையார் அருளிய பதிகத்திற் சிறுத்தொண்டர் பெயர் வருகின்றது. அவர் பணிசெய்யும் கோயிலென்றே அத்தலம் போற்றப்படுகின்றது. பாடினவரே கூறுதலின், இருவரும் ஒரு காலத்தவர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. ஆயின், சிறுத்தொண்டர் முன்னர் என்ன தொழில் செய்தார், எந்த அரசனிடம் இருந்தார் என்று இப்பதிகத்தை வினவுதல் முறையன்று. இறைவனைப் பாடும் பாட்டு அவற்றைக் கூற வேண்டுவதின்று.

இரண்டாவது பெரியபுராணம். பரஞ்சோதியார் என்னும் அவர் அரசன் படைத்தலைவராய் வடபுலஞ் சென்று, வாதாபி நகரை அழித்து, மணியும் நிதியும் யானையும் குதிரையும் கொணர்ந்தாரென்றும், அவரது சிவத்தொண்டின் பெருமை யறிந்த அரசன் அவரைப் படைத்தொழிலினின்று விடுத்தனனென்றும் சேக்கிழார் கூறுகின்றார். அவ்வரசன் பெயரையோ ஆண்டையோ அவர் கூறிற்றிலர். அடியார் வரலாறு கூறுவார்க்கு அரசன் பெயர் இன்றியமையாததன்று. ஆயினும் வாதாபி என்னும் ஊர்ப்பெயர் ஒன்றை அவர் காத்துத் தந்தது பேருதவியாயிற்று.

மூன்றாவது கல்லும் செம்பும். முதலாம் நரசிங்கவர்ம பல்லவன் சளுக்கிய வேந்தனாகிய இரண்டாம் புலிகேசியைப் பரியலம், மணிமங்கலம், சூரமாரம் என்னும் இடங்களில் வென்றதைக் கூரம் செப்பேடு கூறுகின்றது. வாதாபியிலேயே பாறையொன்றில் அப்பல்லவனது 13-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுச் சிதைந்த நிலையிற் காணப்படுகின்றது. இவற்றையும் பிறவற்றையும் கொண்டு அந்நகர் பல்லவர்பாற் பட்டது கி. பி. 642-ஐ அடுத்து என்று அறிஞர் துணிந்தனர். இச்சாசனங்களிற் சிறுத்தொண்டர் பெயர் இல்லை. படைத்தலைவர் பெயரைக் கூறாது அரசனையே புகழ்தல் சாசன வழக்கு. ஆதலின் அவர் பெயர் இன்மை அவர் ஆண்டு இன்மையைக் காட்டாது.

இனி இம்மூன்றனையும் இணைப்பது கருதலளவை. வாதாபி சளுக்கியர் தலைநகராய் விளங்கியது 6-ஆம் நூற்றாண்டின் இடைமுதல் 8-ஆம் நூற்றாண்டின் இடைவரையே. பின்னர் இராட்டிரகூடர் தலையெடுத்தனர். அதன்பின் எழுந்த சளுக்கியர் கலியாணபுரத்தைத் தலைநகராகக் கொண்டனர். சோழர் பொருததெல்லாம் இப்பிற்சளுக்கியரோடேயாம். தமிழ்நாட்டினின்று சென்று வாதாபியைக் கைக்கொண்டவனாகச் சாசனங்கள் போற்றுபவன் நரசிங்கவர்மன் ஒருவனே. ஆகவே பரஞ்சோதியார் இருந்தது அவன் படையில்; வாதாபி வீழ்ந்தபின் அவர் செங்காட்டங்குடியில் இல்லறம் நடத்தினார்; அக்காலத்திற் பிள்ளையார் ஆண்டு எழுந்தருளினார். பிள்ளையார் காலம் 7-ஆம் நூற்றாண்டு என்பது இவ்வாறு போதரும். தேவாரம் மட்டும் கொண்டாரும், புராணம் மட்டும் கொண்டாரும், கல்வெட்டு மட்டும் கொண்டாரும் இம்முடிபை எய்தியிரார்.

அற்றாக, சேக்கிழார் ஏறத்தாழ ஐந்நூறாண்டு பிற்பட்டவராதலின் சிறுத்தொண்டர் வரலாறு அவரே புனைந்ததாகலாகாதோ என்று கடாவுவார் உளர். வினா நேரியதே. அதற்கு விடை கூறத்தக்கது பெரியபுராணமன்று; அதற்கு முற்பட்ட சான்றே. தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்களை நோக்குக. அக்கோயிற் காரியம் ஆராய்ந்த ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்தவேளான், இராசராசன் 29-ஆம் ஆட்சியாண்டளவில், அதாவது கி. பி. 1014-ஐ அடுத்து, திருமேனிகள் பல எழுந்தருளுவித்தான். அவற்றுள் திருஞானசம்பந்தர், திருநாவுக்கரசர், நம்பியாரூரர் திருமேனிகளோடு சிறுத்தொண்ட நம்பி, திருவெண்காட்டு நங்கை, சீராளதேவர் திருமேனிகளும் உள்ளன. இரண்டாங் குலோத்துங்கன் அரசெய்தியது கி. பி. 1133-இல். சேக்கிழார் நூல் செய்தற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்தே, தந்தையும் தாயும் பிள்ளையுமாகிய மூவரும் செப்புத் திருமேனியாய் வழிபடப்பெற்றனர். வரலாறு சேக்கிழார் புனைந்ததன்று, நாடறிந்தது. கல்வெட்டைக் கண்டு அஞ்சும் அன்பர்கள், புராணத்திற்கு அரணாய் நிற்பது இக்கல்வெட்டே என்பதை உணர்வாராக. 13-ஆம் நூற்றாண்டு என்னும் பழைய கொள்கையை வேரோடு களைதற்கும் இஃதொன்றே போதும்.

கல்வெட்டே உயர்ந்தது என்று கூறினாமல்லாம். கல்லும் பொருள் தேர்ந்து படிக்கவேண்டிய நூலே. திருச்சிராப்பள்ளிக் குடைவரையில் முதலாம் மகேந்திரவர்மனாகிய குணபரன் வெட்டுவித்த வடமொழிச் சுலோகம், அவன் புறநெறியினின்று மீண்டு இலிங்க வழிபாட்டிற் சேர்ந்ததைக் குறிக்கின்றது என்று பலர் கொண்டனர். திருநாவுக்கரசரால் உண்மை யுணர்ந்த பல்லவன் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்னும் புராணச் செய்தியோடு அது பெயரளவில் நன்கு பொருந்துகின்றது. ஆயின், அச்சுலோகம் சிலேடையாய் அமைந்தது. இலிங்கம் என்னும் சொல்லுக்குத் தருக்க நூலிற் பிறிதொரு பொருளும் உண்டு. அதனால் அறிஞர் அதன் கருத்தைப் பலபடக் கொள்கின்றனர். செய்யுளாய் அமைந்த கல்வெட்டைச் செய்யுள் படிக்கும் முறையானே படித்தல் வேண்டும். கல்லில் இருப்பதனால் அது கட்டுரையாகி விடாது.

சொற்பொருளிலும் இவ்விழிப்பு வேண்டும். தஞ்சைக் கல்வெட்டில் தேவார தேவர் என்னும் தொடரைக் கண்ட ஒருவர் மூவர் பாடலை நினைப்பாராயின் வழுவுவர். அரசர் தம் வழிபாட்டிற்குரிய மூர்த்தியையே அத்தொடர் குறிக்கும். தேவாரம் என்பதற்கு ஆண்டு வழிபாடு என்பதே பொருள். மூவர் பாடல்கள் அக்காலக் கல்வெட்டுக்களில் திருப்பதியம் என்றே வழங்குகின்றன. தேவாரம் என்பது அவற்றிற்குப் பெயராயது பிற்கால வழக்கு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி ஒப்பற்ற கருவியே. எனினும், ஒரு சொல்லுக்கு உள்ள பொருள்களையெல்லாம் அகராதி அடுக்கித் தருமேயன்றி, நம் கையிலுள்ள தொடரில் எப்பொருள் இயையும் என்பதை அத்தொடரும் அதன் காலத்து வழக்குமே கூறும். இக்காலத்துக் கணிப்பொறியின் துணையால் ஒரு சொல் திருமுறைகளில் வருமிடமெல்லாம் நொடிப்பொழுதிற் காணலாகின்றது. தேடுதல் எளிதாயிற்று, தேர்தல் எளிதாயிற்றில்லை.

திருமுறை கண்ட வரலாற்றிலும் இத்தகைய மயக்கம் ஒன்று உண்டு. தில்லையிற் பூட்டப்பட்டிருந்த ஏடுகளை நம்பியாண்டார் நம்பியின் துணையால் சோழமன்னன் வெளிப்படுத்தினான் என்று திருமுறைகண்ட புராணம் கூறும். அம்மன்னன் இராசராசன் என்பர் பலர். ஆனால் 9-ஆம் நூற்றாண்டிலேயே, நந்திவர்ம பல்லவன் காலத்துத் திருவல்லக் கல்வெட்டில், கோயிலில் திருப்பதியம் பாடுவார்க்கு நிவந்தம் விடப்பட்டுள்ளது. இதனைக் காட்டி, பாடல்கள் முன்னரே வழங்கினமையின் ஏடு கண்ட கதை பொய் என்று ஒருசாரார் ஆரவாரிப்பர். அமைந்து நோக்கின், புராணம் கூறுவது ஏட்டுத் தொகுதி ஒருங்கே கிடைத்ததனை. கல்வெட்டுக் கூறுவது சிற்சில கோயில்களில் ஓதுவார் பாடினமையை. ஓதுவார் சிலர் நாவிற் பாடல்கள் வழங்குதலும், முழுத் தொகுதியும் ஓரிடத்து மறைந்து கிடத்தலும் தம்முள் முரணா. அவ்வேடு எப்போது, எவன் காலத்திற் கிடைத்தது என்னும் வினா எஞ்சி நிற்கும். அதற்குத் திருவல்லக் கல்வெட்டு விடையன்று. இராசராசன் நாற்பத்தெண்மர் பிடாரரைத் தஞ்சைக் கோயிலிற் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய அமைத்தான் என்னும் கல்வெட்டும் அவன் பத்திமையைக் காட்டுமேயன்றி ஏடு கண்டதனைக் கூறாது. 1917-இல் திருவிடைவாய்க் கல்வெட்டினின்று சம்பந்தர் பதிகம் ஒன்று வெளிப்பட்டமையையும் அன்பர்கள் அறிவர். ஏட்டில் இல்லாதது கல்லில் இருந்தது. ஒன்றில் இன்மை எங்கும் இன்மையாகாது என்பதற்கு இதனினும் தக்க சான்று யாதுளது?

சில வினாக்களுக்கு நெடுந்தொலைவு அலைய வேண்டுவதின்று. உமாபதி சிவாசாரியார் காலம் யாது என்று வினவுவார், கன்னபரம்பரைக் கதைகளையும் பிற்காலத் தொகுப்புக்களையும் புரட்டுகின்றனர். அவ்வாசிரியரோ தம் சங்கற்ப நிராகரணத்தில் சகம் 1235 என்று தாமே குறித்துள்ளார். அதனோடு 78 கூட்டக் கி. பி. 1313 ஆகும். ஆசிரியரே தம் நூலுட் கூறிய செய்தி இருக்க, பிறர் கூற்றை நாடுதல் கையில் விளக்கிருக்க நெருப்புக்கு அலைதலை ஒக்கும். ஆட்சியாண்டு மட்டும் கூறும் கல்வெட்டுக்களில் ஆண்டறிதலோ வேறொரு கலை. திதியும் கிழமையும் நாளும் குறித்திருப்பின், 1922-இல் சுவாமிக்கண்ணுப் பிள்ளை அவர்கள் வெளியிட்ட பெரும் பஞ்சாங்கக் கணித நூல் துணைசெய்யும். அது கணக்கிற்கே துணை. கல்வெட்டின் எழுத்துப் பிழையாகப் படிக்கப்பட்டிருப்பின் கணக்கும் பிழையாம்.

தொகுப்பு நூல்களைப் பற்றியும் ஒன்று கூறுதும். 1910-இல் சிங்காரவேலு முதலியார் அவர்கள் வெளியிட்ட அபிதான சிந்தாமணி ஒருவர் தனித்து முயன்று செய்த அரும்பெருங் களஞ்சியம். அதனைப் போற்றாதார் தமிழறியாதார். ஆயினும் களஞ்சியம் வழிகாட்டும் மரமேயன்றிச் சேருமூரன்று. அது எந்நூலிலிருந்து ஒரு செய்தியை எடுத்ததோ, அம்மூலத்திற்குச் செல்லுதல் ஆராய்வோன் கடன். ஒருவர் எழுதியதைப் பதின்மர் எடுத்தெழுதின் சான்று பத்தாகிவிடாது, ஒன்றேயாம். அவ்வொன்று வழுவாயின் பதின்மரும் வழுவினராவர். பெரியபுராண வரலாற்றை நோக்குவார்க்குத் தொகை, வகை, விரி என்று நம் முன்னோர் வகுத்த முறை இதற்கு நல்ல அளவுகோல். திருத்தொண்டத்தொகை கூறியது யாது, திருத்தொண்டர் திருவந்தாதி மிகுத்தது யாது, புராணம் விரித்தது யாது என்று நிரலே வைத்து நோக்கின், ஒவ்வொரு செய்தியும் எக்காலத்திலிருந்து நமக்குக் கிடைக்கின்றது என்பது விளங்கும். மடத்தில் யாம் பாடங்கேட்ட நாளில், மேற்கோள் கூறிய மாணாக்கனை நோக்கி, "நூலிற் கண்டதோ, உரையிற் கண்டதோ, கேட்டதோ?" என்று ஆசிரியர் வினவுவது வழக்கம். மூன்றும் தள்ளற்பாலன அல்ல. ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துரைக்கின், ஆராயப் புகுவோன் நூலை எடுத்தற்கு முன் தன் வினாவை எடுத்து நோக்குக. அது காலம் பற்றியதோ, சொற்பொருள் பற்றியதோ, பாடம் பற்றியதோ, வழக்காறு பற்றியதோ, கொள்கை பற்றியதோ என்று துணிக. அதனை நேரே அறியும் வாய்ப்புடையார் யாவர் என்று தேர்க. அவர் கூற்றை மூலத்திலேயே காண்க. அவர் கூறியதற்கு மேல் அவர் வாயில் ஒன்றையும் ஏற்றாதொழிக. ஒரு சான்று நின்றவிடத்து மற்றொன்றைக் கருதலால் இணைக்க. இணைத்தது கருதல் என்பதை மறவாதிருக்க.

காலவாராய்ச்சி ஏன், பத்தி ஒன்றே அமையாதோ என்பார்க்கு விடை இதுவே. நம் சிறுவர் பள்ளியிலும் கல்லூரியிலும் சரித்திரம் கற்கின்றனர். வீட்டிற் கேட்ட புராணத்தையும் ஆங்குக் கற்ற சரித்திரத்தையும் இயைக்கும் வழியறியாராயின், ஒன்றைக் கைவிடுதலே அறிவு என்று எண்ணுவர். பெரும்பாலும் புராணத்தையே கைவிடுவர். கண்ணை மூடிக்கொண்டு எல்லாம் அவ்வாறே நிகழ்ந்தன என்று அவர்க்கு ஓதுதல் பயன்படாது. பதிகமும் புராணமும் கல்லும் ஒன்றற்கொன்று துணையாய் நின்று 7-ஆம் நூற்றாண்டை நமக்குக் காட்டிய வகையை எடுத்துரைப்பின், அவர் தாமே தெளிவர். சீராளர் வரலாற்றிற் காணும் அன்பின் எல்லையை எந்தக் கல்வெட்டும் அளந்து காட்டாது; அது காட்டவும் வேண்டா. அதனை யுணர்தற்குச் சேக்கிழார் திருவாக்கு உளது. 642 என்னும் எண்ணைச் சேக்கிழார்பால் வினவாதிருத்தலே அவர்க்கு நாம் செய்யும் மரியாதை.

சான்றுகளை அவ்வவற்றிற்குரிய இடத்தில் வைத்துப் போற்றும் அறிவைத் திருவருள் நமக்கு நல்குவதாக.